லைப்ரரி அறையிலிருந்து வந்த விடுதலை

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா. பாப்பா வெளியே கையை நீட்டிக்கிட்டே வரும், எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. நீங்க எங்கே, சூசைமுனையா? கடைசி ஸ்டாப்பு. நானும் அங்கேதான். பொழுது சாயறதுக்குள்ள போயிருமாக்கா இந்த பஸ்ஸு? போயிரும்னு சொல்லுங்க. போகலைன்னா ஒரு ஆளு ஜெயில்லயே கிடக்க வேண்டியதுதான். சும்மா சொல்லலை.

ஜெனோவாவைத் தெரியுமா உங்களுக்கு? ரெமிஜியுஸ் பொண்டாட்டி. தெரியாதா? நாத்தனார் வீட்டுக்கு முதல் தடவையாப் போறீங்களா? சரி, தெரியாததே நல்லது. தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன். திறக்காம வந்தா எனக்கு மூச்சு முட்டும்.

நான் கோர்ட்டுல டவாலி. வெள்ளைச் சேலை கட்டி, குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு, ஜட்ஜய்யா வர்றதுக்கு முன்னால "உஷ்"னு சொல்லிட்டு வருவாங்கல்ல, அந்த வேலை. வராண்டாவுல நின்னு கேஸுக்காரங்க பேரை மூணு தடவை கூப்பிடணும். மூணாவது தடவைக்கும் ஆள் வரலைன்னா வாரண்டு. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிரேயர் பாட்டுல முன்னால நின்னது நான்தான். அந்தத் தொண்டைதான் இப்ப சோறு போடுது. என் குரலைக் கேட்டா, வாய்தாவுக்கு வந்தவன் டீயைப் பாதியிலே வச்சிட்டு ஓடி வருவான்.

பாப்பா, பெரியம்மா பூவைப் பிய்க்காதே. அடி வாங்குவே.

போன மாசம் எங்க கோர்ட்டுல ஒரு பயிற்சி நடந்துச்சு. சாதாரணப் பயிற்சி இல்லைக்கா, ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து. இலங்கையில இருந்து ஜட்ஜு, அரசாங்க வக்கீல், கோர்ட்டு ஆளுங்க எல்லாம் வந்திருந்தாங்க. நம்ம பக்கத்துலயும் ஜட்ஜுங்க, அரசாங்க வக்கீலு, எங்க ஸ்டாஃபு. எல்லை தாண்டினதாப் பிடிபட்டு அங்கே ஜெயில்ல கிடக்கிறாங்கல்ல நம்ம மீன்காரங்க, அந்த மாதிரி கேஸுல இங்கே இருக்கிற சாட்சி அங்கே போகாமலே டிவியில சாட்சி சொல்றது எப்படி, ரெண்டு கோர்ட்டும் சேர்ந்து அதை நடத்துறது எப்படின்னு பாடம். பேசிட்டு மட்டும் போயிரலை. கடைசி நாள் நடத்திக் காட்டணும். பொய்க் கேஸு, பொய்க் கைதி, பொய்ச் சாட்சி. ஆனா கோர்ட்டு நிசம், கூண்டு நிசம், நானும் நிசம்.

நல்லாப் பண்றவங்களை அடுத்த பயிற்சிக்கு இலங்கைக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. எனக்கு ஆசைதான், ஏன் மறைக்கணும்? எங்க வீட்டுக்காரர் திருப்பூரைத் தாண்டினதில்லை. நான் பாஸ்போர்ட்டு எடுத்து, கப்பல் ஏறி, அங்கே போய் நின்னு ஒரு போட்டோ பிடிச்சு அனுப்பினா எப்படி இருக்கும்? என் மாமியார் மூஞ்சியை நினைச்சுப் பாத்தேன், அதுக்கே பாதி சந்தோஷம்.

கைதியோட பொண்டாட்டியா எங்க ஸ்டெனோ பொண்ணுதான் கூண்டு ஏறணும். அது காலையில போன் போட்டு, காய்ச்சல்னுருச்சு. சிரஸ்தார் சாருக்கு, எங்க ஆபீஸுக்குப் பெரியவர் அவரு, வேர்த்துக் கொட்டுது.

"முனீஸ்வரி, யாராச்சும் ஒரு பொம்பளையைப் பிடிம்மா. கூண்டுல நின்னு நாலு வார்த்தை பேசினாப் போதும். வெளிநாட்டு ஜட்ஜு முன்னால மானம் போயிரும்."

"கூட்டிப் பெருக்கிற பாக்கியத்தக்காவை நிறுத்துவோமா சார்?"

"அது சிரிச்சிரும்மா."

சிரிச்சிரும், வாஸ்தவந்தான். அப்பத்தான் ஜெனோவாவைப் பார்த்தேன்.

வராண்டாத் தூண்ல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. இலங்கை ஜட்ஜு வந்திருக்காருன்னு யாரோ சொல்லி, மனு ஒண்ணை எழுதி வாங்கிக்கிட்டு விடிஞ்சதுமே வந்துட்டா. வாசல்ல நின்ன போலீஸ்காரர் விரட்டுறாரு, இவ நகந்து போய் மறுபடி அதே தூணுக்கு வந்துர்றா. புருஷன் மீன்பிடி போட்டு ஓட்டுறவன். முந்தியே ஒரு தடவை பிடிபட்டவங்கிறதாலே, கூடப் போனவங்களை எல்லாம் அனுப்பிட்டு இவனுக்கு மட்டும் தண்டனை போட்டு உள்ளே வச்சுட்டாங்க.

"மேடம், அந்த ஜட்ஜய்யாவை ஒரே ஒரு நிமிஷம் பாக்க முடியுமா?"ன்னா.

கடவுளே கொண்டாந்து நிறுத்தின மாதிரி இருந்துச்சுக்கா எனக்கு. எங்களுக்கு மீன்காரன் பொண்டாட்டி வேணும், மீன்காரன் பொண்டாட்டியே நிக்கிறா. அவளுக்கு ஜட்ஜைப் பாக்கணும், உள்ளே ஜட்ஜு இருக்காரு. யாருக்கு நட்டம்?

"பாக்கிறது என்ன, பேசவே வைக்கிறேன். கூப்பிடும்போது உள்ளே வா. கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. பயப்படாதே"ன்னேன்.

பயிற்சின்னு சொன்னியான்னுதானே கேக்கிறீங்க? எல்லாரும் இதையேதான் கேக்கிறாங்க. வாசல்ல இத்தனாம் பெரிய பேனர் கட்டியிருந்துச்சு. இங்கிலீஷ்லதான். ஆனா ரெண்டு நாட்டுக் கொடியும் போட்டு, ரெண்டு கை குலுக்குற படம் போட்டிருந்துச்சு. நிசக் கேஸுக்கு யாராச்சும் பேனர் கட்டுவாங்களா? ஒரு மனுஷி யோசிக்க வேணாமா?

எழுதிக் கொடுத்த தாள்ல சாட்சி பேரு வேற. அதைக் கூப்பிட்டா இவ திரும்பிப் பாப்பாளா? அதனாலே "ஜெனோவா"ன்னே கூப்பிட்டேன். வராண்டா முழுக்க எதிரொலிக்க, மூணு தடவை. பழக்கம். கூண்டுல ஏத்தி, கடவுள் அறிய உண்மையைச் சொல்றேன்னு சத்தியமும் வாங்கிட்டேன். அதுவும் பழக்கம்தான். கூண்டுல ஒரு ஆள் நின்னா என் வாய் தானாச் சொல்லிரும். கழுத்துல கிடந்த சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு அவளும் கூடவே சொன்னா.

எதிர்ல பெரிய டிவி. அதுல அந்த ஊர் ஜட்ஜு, கறுப்புக் கோட்டுல. பின்னால சிங்கக் கொடி. இங்கே வந்தவரு வேற ஒருத்தரு, இவரு அங்கே இருந்தே பேசுறாருன்னு ஜெனோவா நினைச்சுட்டா. அவரு எங்கே இருந்தாரு தெரியுமா? பக்கத்து லைப்ரரி ரூம்ல. நான்தான் அவருக்குத் தண்ணி பாட்டில் வச்சுட்டு வந்தேன். அந்தக் கொடியை ஆணி அடிச்சு மாட்டினதும் நான்தான். உங்களுக்குச் சிரிப்பு வரலை? எனக்கு அன்னிக்கு வந்துச்சு.

"அம்மா, உங்கட கணவர் தொழிலுக்குப் போன அண்டைக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ"ன்னாரு அவரு.

அவ சொன்னா. மனப்பாடம் பண்ணின மாதிரி இல்லை, உளர்ற மாதிரியும் இல்லை. "என்ஜின் நின்னு போச்சுய்யா. காத்து வாடையில இருந்து அடிச்சுச்சு. அவரு தாண்டணும்னு தாண்டலை, தண்ணி இழுத்துட்டுப் போச்சு. கூடப் போன பயலுகளை அனுப்பிட்டீங்க, சந்தோஷம். அவங்களுக்கு அடிச்ச காத்துதானேய்யா இவருக்கும் அடிச்சுச்சு? எனக்குச் சின்னது பிறந்து தவழ ஆரம்பிச்சிருச்சு. அவரு இன்னும் அதைப் பாக்கலை. யாராச்சும் ஆம்பிளை வீட்டுக்கு வந்தா அவங்க காலைப் போய்ப் பிடிச்சுக்கிடுதுய்யா, இதுதான் அப்பா போலன்னு."

எங்க அரசாங்க வக்கீலு குறுக்கு விசாரணை பண்ணணும், அவரு எந்திரிச்சு நின்னவரு கேள்வியை மறந்துட்டு உக்காந்துட்டாரு. சிரஸ்தார் சார் என் காதுகிட்ட வந்து, "தாள்ல எழுதினதைவிட நல்லா இருக்கேம்மா, எங்கே பிடிச்சே?"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியலை.

தாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே ஜட்ஜு தீர்ப்புச் சொன்னாரு. விடுதலை. உத்தரவை உடனே சிறைச்சாலைக்கு அனுப்ப வேண்டியது. எல்லாரும் கை தட்டினாங்க. கோர்ட்டுல யாராச்சும் கை தட்டுவாங்களா? அதை வச்சாவது அவ புரிஞ்சிருக்கலாம். அவ எங்கே பாத்தா? கூண்டுக்குள்ளேயே முட்டி போட்டு அழுதுக்கிட்டிருந்தா.

இறங்கி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, எப்ப வருவாரு?"ன்னா. காலையில மேடம், இப்ப அக்கா. அந்த நேரம் பாத்து கிரெச்சுல இருந்து போன், பாப்பா வாந்தி எடுத்திருச்சுன்னு. இன்னொரு பக்கம் வந்தவங்களுக்குச் சாப்பாட்டுக்கு இலை போட்டாச்சு, நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வரணும். "வருவாரு, வருவாரு. நீ முதல்ல வீட்டுக்குப் போ"ன்னு என் போன் நம்பரையும் கொடுத்து அனுப்பி வச்சேன். ஆறுதலுக்கு யாரும் சொல்றதுதானேக்கா? என்னிக்காச்சும் வரத்தானே போறாரு அவரு?

கை கழுவும்போது அந்த ஜட்ஜய்யா கேட்டாரு, "ஆர் அந்த அம்மா? உங்கட ஸ்டாஃபோ? வடிவாச் சொன்னவா." நான் துண்டைக் கொடுத்துக்கிட்டே, "ஆமாங்கய்யா, நம்ம ஆள்தான்"னேன்.

அடுத்த பயிற்சிக்குப் பேரு போட்டாங்க. எங்க கோர்ட்டுல இருந்து சிரஸ்தார் சாரும் நானும். சமயத்துல கை கொடுத்தேன்னு என்னைப் பத்தித் தனியாச் சொல்லியிருந்தாங்களாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு.

என்னாச்சு, ஏன் பஸ்ஸு நிக்குது? ரயில்வே கேட்டா? ஐயோ. அண்ணே, கண்டக்டர்ண்ணே, ரொம்ப நேரம் ஆகுமா? சரக்கு வண்டியா? அது ஆடி அசைஞ்சுல்ல வரும். சிரிக்காதீங்கண்ணே, எனக்கு அவசரம்.

இன்னைக்குக் காலையிலதான்க்கா வெடிச்சுச்சு. சூசைமுனையில மீனவர் சங்கத் தலைவர் கிளிட்டஸ்னு ஒருத்தர். அவரு சிரஸ்தார் சாருக்குப் போன் பண்ணி, "எங்க ஊர் ரெமிஜியுஸை விடுதலை பண்ணி உங்க கோர்ட்டுல ஆர்டர் போட்டீங்களா?"ன்னிருக்காரு. சார் முழிச்சிருக்காரு. அந்தப் பக்கம், இலங்கையில, ரெமிஜியுஸுக்கு ஒரு அப்பீலு ரெடி பண்ணி வச்சிருக்காங்க. குடும்ப நிலைமையைச் சொல்லி பொண்டாட்டி ஒரு சத்தியக் கடுதாசியில கையெழுத்துப் போடணும். அதை இன்னைக்கே வாங்கிக் கொண்டு போனாத்தான் கெடுவுக்குள்ள அங்கே போய்ச் சேரும். விட்டா முழுத் தண்டனையும் முடிச்சுட்டுத்தான் வரணும். கிளிட்டஸ் போய் நின்னா, ஜெனோவா கதவையே திறக்கலையாம். "விடுதலை ஆனவருக்கு எதுக்கு அப்பீலு? கிடைச்சதைக் கெடுக்கப் பாக்கிறியளா? நான் கோர்ட்டுல என் காதால கேட்டேன், டவாலியக்காவும் வருவாருன்னு சொல்லிச்சு"ன்னு விரட்டிட்டா.

சிரஸ்தார் சார் என்னை ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாரு.

"நீதானே கூட்டிட்டு வந்தே? நீயே போய்ச் சொல்லு. பக்குவமாச் சொல்லும்மா. ஊர்க்காரங்க புகாரு அது இதுன்னு கிளம்பினா உன் பேரு போயிரும். என் பேரும் போயிரும்."

"நீங்களும் வாங்க சார்."

"எனக்கு சுகரும்மா."

சுகர் இருக்கிறவங்க பஸ்ல போகக் கூடாதாக்கா? தெரியாமத்தான் கேக்கிறேன்.

கிளிட்டஸ் சர்ச்சு வாசல்ல காத்திருக்காராம். இருட்டுறதுக்குள்ள கிளம்பிருவேன்னு சொல்லிட்டாரு.

பஸ் ஏறும்போதே ஒரு யோசனை வந்துச்சு எனக்கு. நான் ஏன் எதையும் சொல்லணும்? "விடுதலை ஆர்டரு சீக்கிரம் நகரணும்னா இதுல ஒரு கையெழுத்து வேணும்"னா முடிஞ்சுது. கிளிட்டஸ் சொன்னாப் போட மாட்டா, நான் சொன்னாப் போடுவா. கையெழுத்தும் ஆச்சு, அப்பீலும் ஆச்சு. அவ மனசும் உடையாது, என் பாஸ்போர்ட்டும் வரும். அப்பீல்ல எப்படியாச்சும் ஜெயிச்சு அவன் வந்துட்டான்னு வைங்க, நான் சொன்னது பொய்னே யாருக்கும் தெரியாது. யாருக்கு நட்டம், சொல்லுங்க.

ஏன்க்கா அப்படிப் பாக்கிறீங்க? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

அப்பாடா, கேட்டைத் திறந்துட்டான்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்க்கா! ஜெனோவா. எடுக்கவா? எடுக்கிறேன்.

"ஆங், சொல்லு ஜெனோவா... பஸ்லதான் வர்றேன்... ஆமா, உன்னைப் பாக்கத்தான்... இல்லை, ஆர்டரு என் கையில இல்லை... சத்தமாப் பேசு, காத்து அடிக்குது... யாரு? ரெமிஜியுஸா? ஜெயில்ல இருந்தா?... நீ அவருகிட்டச் சொல்லிட்டியா?... எப்ப சொன்னே?... எதை? பாயையா?... ம்... ம்... அழாதே. வந்துட்டே இருக்கேன். வை."

தண்ணி இருந்தா ஒரு வாய் கொடுங்கக்கா.

அங்கே ஜெயில்ல இருந்து வீட்டுக்குப் பேச விடுவாங்களாம், எப்பவாச்சும். போன வாரம் பேசினப்ப, "உங்களுக்கு விடுதலை ஆயிருச்சு, நானே சாட்சி சொன்னேன்"னு இவ சொல்லிட்டா. அவன் அப்பவே பாயையும் போர்வையையும் கூட இருக்கிற பையனுக்குக் கொடுத்துட்டானாம். அந்த ஊர் வக்கீல்கிட்ட அப்பீலு வேணாம்னும் சொல்லியனுப்பிட்டானாம். அன்னையில இருந்து வெறுந்தரையில படுக்கிறான். காலையில குளிச்சு, துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுக் கம்பிக்கிட்டப் போய் உக்காந்துக்கிடுறான், பேரு கூப்பிடுவாங்கன்னு. பொழுது சாயற வரைக்கும் அங்கேயேதான் இருக்கானாம். கூட இருக்கிறவங்க கேலி பண்றாங்களாம். இன்னைக்கு எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி மறுபடி பேசியிருக்கான். "ஏன் இன்னும் என் பேரைக் கூப்பிடலை? உன் கோர்ட்டக்காகிட்டக் கேட்டுச் சொல்லு"ன்னு.

பேரு கூப்பிடுறது என் வேலைக்கா. கூப்பிட்டு வராதவங்களை எனக்குத் தெரியும், தினம் பாக்கிறேன். கூப்பிடுவாங்கன்னு ஒருத்தன் சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்கிறது... எனக்கு அந்தப் பக்கம் புத்தியே போகலையே.

இவகிட்டக் கையெழுத்து வாங்கி என்ன பண்றது? அவன் வேணாம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கானே. இவளுக்குத் தெரிஞ்சாத்தானே அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சாத்தானே அப்பீலு நிக்கும். அடுத்தாப்ல அவன் பேசும்போது இவ சொல்லணும். இவ வாயால சொல்லணும், எல்லாம் பொய்யி, எந்திரிச்சு வாங்கன்னு. பாயைத் திருப்பிக் கேளுங்கன்னு சொல்லணும்.

கூடவே என் பேரையும் சொல்லுவா. சொல்லட்டும்.

சர்ச்சுக் கோபுரம் தெரியுது, ஊரு வந்துருச்சுல்ல? அந்தா, ஸ்டாப்புல நிக்கிறா பாருங்க, நீலச் சேலை. தலையில பூவு வேற. தனியா வருவான்னு பார்த்தா பின்னால ஒரு கூட்டமே நிக்குது. எல்லாம் அவ சொந்தக்காரப் பொம்பளைங்களாத்தான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கக்கா. ஐயோ, கை காட்டுறா. வண்டி மேல சாஞ்சு நிக்கிறவருதான் கிளிட்டஸ் போல. போகலை, நல்ல வேளை.

பாப்பாவை எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லை. கிரெச்சு இருக்கு, வீட்டுல மாமியா இருக்கு. இடுப்புல பிள்ளை இருந்தா யாரும் கை ஓங்க மாட்டாங்கன்னுதான் தூக்கிட்டு வந்தேன். அதுவும் அந்தக் கடலோரத்துப் பொம்பளைங்க, கோவம் வந்தா கோவம்தான், ஆனா பிள்ளை வச்சிருக்கிறவ மேல விரலை வைக்க மாட்டாங்க. அவ்வளவு தூரம் யோசிச்சுட்டுத்தான் கிளம்பினேன்.

பஸ்ஸு இங்கேதான் நின்னு திரும்பும், டிரைவர் டீ குடிக்கப் போவாரு. உங்க நாத்தனார் வர்ற வரைக்கும் பாப்பாவைக் கொஞ்சம் வச்சிருங்கக்கா. கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வர்றதுன்னா இதோடவே இறங்கியிருப்பேன். நிசத்தைச் சொல்லப் போறவ பிள்ளையை முன்னால வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.

பிடிச்சுக்கோங்க. புது முகத்துக்கிட்ட அழாது. அழுதா பையில பிஸ்கட்டு இருக்கு. வெளியே சத்தம் கேட்டா இறங்கி வந்துராதீங்க. இதை மட்டும் அந்தப் பக்கம் திரும்ப விட்டுராதீங்க.